டப்பாவுல கொட்டினது யாரு

அவளுக்கு அப்பா அம்மா வைச்ச பேரு ஒண்ணு இருக்கு. அடையாள அட்டையில அச்சடிச்சிருக்கு. அதை வைச்சு யாரும் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவ பம்பரம்.

பேரு சும்மா வரலை. அவ உக்காந்து யாரும் பாத்ததில்லை. கல்யாண போட்டோவுலகூட வீட்டுக்காரர் சம்மணம் போட்டு நிம்மதியா இருப்பார், இவ பாதி எழுந்த மாதிரி இருப்பா. போட்டோ எடுத்தவன் மூணு தடவை "உக்காரும்மா"ன்னு சொன்னானாம். நாலாவது தடவை அவனே விட்டுட்டான்.

பத்தொன்பது வயசுல ஒரு பொத்தான் கம்பெனியில வேலைக்குச் சேந்தா. தட்டுல கொட்டுற பொத்தானை ரகம் ரகமா பிரிச்சுப் போடற வேலை. எட்டு மணி நேரம் ஸ்டூல்ல உக்காரணும். இவ தட்டைத் தூக்கிக்கிட்டு நடந்துக்கிட்டே பிரிப்பா. ஒரு பொத்தான் மாறினதில்லை, ஆனா மேற்பார்வை பாக்கறவன் நோட்டுல "இடத்தில் இல்லை"ன்னு பதினோரு தடவை எழுதினான். பன்னெண்டாவது தடவை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உலகத்துல எத்தனையோ கம்பெனியில உக்காந்தாங்கன்னு சொல்லி ஆளை விரட்டியிருக்காங்க. உக்காரலைன்னு விரட்டினது இவ ஒருத்தியைத்தான் இருக்கும்.

அப்புறம் வளையல் கடை, ஃபேன்சி ஸ்டோர், ஒரு அட்டைப்பெட்டி குடோன்னு சுத்திட்டு, முப்பத்தாறு வயசுல சொந்தமா கடை போட்டா. மணிக்கடை. நகை விக்கிற கடை இல்லை. நகை செய்யறவங்களுக்கு வேண்டியதை விக்கிற கடை. கண்ணாடி மணி, மர மணி, கடுகு அளவு பாசிமணி, நைலான் நூல், மெல்லிசு கம்பி, தோட்டுக் கொக்கி, மாலையோட பின்னால மாட்டற பூட்டு. மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு டப்பா. முன்னால அது சைக்கிள் ரிப்பேர் கடையா இருந்துச்சு. தரையில கிரீஸ் கறை இன்னும் போகலை. போகாதுன்னு தெரிஞ்சும் வாரத்துக்கு ஒரு தடவை தேய்ப்பா.

கூட்டாளி அவ நாத்தனார். வீட்டுக்காரரோட தங்கச்சி. கல்லாவுல உக்காந்தா சாயங்காலம் கடை சாத்தும்போதுதான் எழுந்திருப்பா. யாராவது கேட்டா அவளே சொல்லுவா: "எங்க அண்ணி உக்காராத நேரத்தை எல்லாம் யாராவது ஒருத்தர் உக்காந்து தீர்க்கணும்ல. குடும்பத்துக்காகத்தான் பண்றேன்."

கடையோட உசிர் கல்லாவுல இல்லை. பின்னறையில இருக்கு. அங்க ஒரு மேசை கிடக்கு. சைக்கிள் கடைக்காரர் விட்டுட்டுப் போன இரும்பு மேசை, மேல ஒரு பலகை, அது மேல கம்பளித் துணி. துணி இல்லைன்னா மணி உருண்டு ஓடிரும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் யார் வேணா வந்து உக்காரலாம். வாங்கித்தான் ஆகணும்னு இல்லை.

இதை ஒண்ணும் தர்மத்துக்குத் தொடங்கலை. முதல் வருஷம் சரக்கு வாங்கிட்டுப் போனவங்க பாதிப் பேர் மறுநாளே திரும்பி வந்தாங்க, சண்டைக்கு. பூட்டு நிக்கலை, நூல் அறுந்துடுச்சு, கொக்கி வளைஞ்சுடுச்சு. சரக்கு நல்ல சரக்குதான். பண்ணத் தெரியலை. பம்பரம் யோசிச்சா. தெரியாதவனுக்கு வித்தா ஒரு தடவை வாங்குவான். தெரிஞ்சவனுக்கு வித்தா ஆயுசுக்கும் வாங்குவான். மேசையைத் துடைச்சுப் போட்டா. முதல் ஞாயிறு மூணு பேர். ஒருத்தர் வழி கேக்க வந்தவர்.

இப்ப பன்னெண்டு பேர். ஒரு நர்ஸ் இருக்கா, ராத்திரி டியூட்டி முடிஞ்சு தூங்கி எழுந்து நேரா வருவா. ரிட்டையர் ஆன கணக்கு டீச்சர் இருக்காங்க, கழுத்துல பூதக்கண்ணாடி தொங்கும், மணியை எண்ணாம கோக்க மாட்டாங்க. அப்புறம் லாரி. லாரின்னா லாரி ஓட்டறவர். ஆறடி உசரம், விரல் ஒவ்வொண்ணும் வெள்ளரிக்கா மாதிரி. மக காதுக்குத் தோடு செய்யணும்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னால வந்தார். தோடு முடிஞ்சுடுச்சு. அவர் போகலை.

மேசைக்கு வழக்கம் உண்டு. இடுக்கி அஞ்சு, ஒவ்வொண்ணும் கயித்துல கட்டி மேசையோட தொங்கும். இரவல் கேக்க வேண்டாம், திருப்பித் தர மறக்கவும் முடியாது. செய்து முடிச்சவங்க அதைச் செவுத்துப் பலகையில ஒரு வாரம் மாட்டணும், மத்தவங்க பாத்துக் கேள்வி கேப்பாங்க. பாதியில வெறுத்துப் போட்டதை ஒரு தகர டின்னுல போடணும், யார் வேணா எடுத்து முடிக்கலாம். சட்டம் மூணு, அட்டையில எழுதிச் செவுத்துல ஒட்டியிருக்கா. எழுத்து அவளோடது. அவசரத்துல எழுதினது, வரி எல்லாம் மேல ஏறும்.

ஒண்ணு: பழைய டப்பாவுல புது சரக்கைக் கொட்டாதே.

ரெண்டு: தப்பா கோத்தவங்களே பிரிக்கணும். மத்தவங்க பிரிச்சுக் குடுக்கக் கூடாது.

மூணு: ஊசி விழுந்தா, கிடைக்கிற வரைக்கும் யாரும் செருப்பைக் கழட்டாதே.

மூணாவதுக்கு விளக்கம் வேண்டாம். முதலாவதுக்கு வேணும். கண்ணாடி மணிக்குச் சாயம் ஏத்தும்போது ஒரு தடவை ஏத்தினது மாதிரி அடுத்த தடவை வராது. அதே கம்பெனி, அதே நம்பர், அதே நீலம். ஆனா ஒரு துளி வித்தியாசம் இருக்கும். அதனால பழசு தீர்ற வரைக்கும் புதுசு வேற டப்பாவுல இருக்கணும். மணி விக்கிறவங்களுக்கு இதுதான் பால பாடம்.

போன மழைக்கு மேசைக்காரங்க சேந்து ஒரு பெரிய வேலையை எடுத்தாங்க. பக்கத்துத் தெருவுல பொது நூலகம். அதுல குழந்தைங்க படிக்கிற ரூமுக்குக் கதவு கிடையாது, வாசல் மட்டும். அங்க தொங்கவிட ஒரு மணித் திரை. தொண்ணூத்தாறு சரம், ஆளுக்கு எட்டு. மேல வெளிர் நீலம், நடுவுல நல்ல நீலம், அடியில கருநீலம். நடுவுல மூணு மீன். டீச்சர் கட்டம் போட்ட தாள்ல படம் போட்டு, எந்தச் சரத்துல எத்தனையாவது மணி ஆரஞ்சுன்னு பட்டியல் எழுதினாங்க. மூணு மாசமா ஞாயிறு தவறாம வேலை.

லாரிக்குக் கண்ணுல ஒரு குறை. சில நெறம் பிரிச்சுத் தெரியாது. மறைக்கலை, வந்த முதல் நாளே சொல்லிட்டார். "சிக்னல் எப்படிண்ணே பாக்கறீங்க?"ன்னு நர்ஸ் கேட்டா. "மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். படுக்க வைச்ச சிக்னல் வந்தா முன்னால போறவன் பண்றதைப் பண்ணுவேன்"னார். அவருக்காக பம்பரம் அவர் தட்டுல இருக்கற டப்பா எல்லாத்துலயும் பெரிய எழுத்துல சீட்டு ஒட்டினா. நீலம் 1, நீலம் 2, நீலம் 3. இதெல்லாம் நல்லாத்தான் செய்தா.

அப்புறம் அந்த ஞாயிறு வந்துச்சு. திரை முக்கால்வாசி முடியற நேரம். லாரி கோத்து முடிச்ச நாலு சரத்தை டீச்சர் எண்ணிப் பாக்க எடுத்தாங்க. பின்னறையில ஒரே ஒரு டியூப்லைட்டு. கண்ணு எட்டலைன்னு முன்வாசலுக்கு எடுத்துக்கிட்டுப் போய், அவர் போன மாசம் கோத்த சரம் ஒண்ணோட சேத்து வெயில்ல பிடிச்சாங்க.

"இது வேற நீலமால்ல இருக்கு"ன்னாங்க.

பம்பரம் அந்தப் பக்கமா ஏணி மேல நின்னு கொக்கிப் பெட்டியை அடுக்கிக்கிட்டிருந்தா. இறங்கி வரலை. டப்பாவைத் திறந்து பாக்கலை. ஏணி மேலேர்ந்தே சொன்னா.

"அண்ணே, உங்க கண்ணு தெரிஞ்ச கதைதானே. பக்கத்து டப்பாவுல கையை விட்டிருப்பீங்க."

"இல்லம்மா. நீலம் 2ன்னு எழுதியிருந்ததைப் பாத்துத்தான் எடுத்தேன்."

"எழுதியிருக்கறதைப் படிச்சா மட்டும் போதுமாண்ணே? உள்ள என்ன இருக்குன்னும் பாக்கணும்ல."

எல்லாரும் சிரிச்சாங்க. லாரியும் லேசா சிரிச்சார். நாலு சரத்தையும் வாங்கி, முடிச்சை வெட்டி, ஒவ்வொரு மணியா பிரிச்சு தட்டுல போட்டார். சட்டம் ரெண்டு. யாரும் கை வைக்கலை. முடிச்சுட்டு எழுந்தார். "லோடு இருக்கு"ன்னார். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு என்ன லோடுன்னு யாரும் கேக்கலை.

அடுத்த ஞாயிறு வரலை. அதுக்கு அடுத்ததும் வரலை. மூணாவது ஞாயிறு அவர் பாக்கி நாலு சரத்தை மத்தவங்களே பங்கு போட்டுக் கோத்து முடிச்சாங்க. அதுக்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை நூலகத்துல மாட்டறதா பேச்சு.

வெள்ளிக்கிழமை காலையில கரண்டு போச்சு. பின்னறை இருட்டு. பம்பரத்துக்குக் கை சும்மா இருக்காது. தொண்ணூத்தாறு சரத்தையும் நீளக் கம்புல வரிசையா கட்டி, கம்பைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்து ஷட்டர் கொக்கியில மாட்டினா. தூசி தட்டலாம்னு.

வெயில் நேரா விழுந்துச்சு.

நடுவுல இருக்கற நீலம் ஒரே நீலமா இல்லை. சில சரத்துல நல்ல நீலம். சில சரத்துல அதுக்குள்ள ஒரு சொட்டு பச்சை கலந்த மாதிரி. பக்கத்துல போனா தெரியலை. நாலடி தள்ளி நின்னா பளிச்சுன்னு தெரியுது. எண்ணினா. நாப்பத்தியொண்ணு. மறுபடி எண்ணினா, நாப்பத்தி மூணு. மூணாவது தடவை நாப்பத்தியொண்ணு.

நர்ஸ் கோத்ததுல இருக்கு. டீச்சர் கோத்ததுல இருக்கு. அவளே கோத்ததுலயும் அஞ்சு இருக்கு.

உள்ள ஓடினா. நீலம் 2 டப்பாவைத் தூக்கிட்டு வந்து வாசல்ல உக்காராம குனிஞ்சபடியே ஒரு தட்டுல மெதுவா சாய்ச்சா. மேல இருந்தது பச்சை கலந்த நீலம். அடியில, ஓரத்துல, மூலையில ஒட்டிக்கிட்டிருந்தது பழைய நீலம்.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு. ஒரு மாசம் முன்னால, போன்ல யார்கிட்டயோ தோட்டுக் கொக்கி அளவு சொல்லிக்கிட்டே, இந்த டப்பா பாதியா கிடக்கேன்னு புதுப் பாக்கெட்டைப் பல்லால கிழிச்சு மேல கொட்டினா. பாதி டப்பா அவ கண்ணுல பட்டா அவளுக்கு உடம்பு அரிக்கும். கொட்டிட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டா. அதுவும் அந்த அட்டைக்குக் கீழ நின்னுக்கிட்டு.

லாரி படிச்சது சரி. எடுத்தது சரி. உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேண்டியவ இவ.

கடைக்குள்ள வந்தா. போனா. வந்தா. கொக்கிப் பெட்டியை எடுத்தா, வைச்சா. கிரீஸ் கறைகிட்ட போய் காலால தேய்ச்சா. நாத்தனார் கல்லாவுலேர்ந்து தலையை மட்டும் திருப்பினா.

"அண்ணி, எனக்கு தலை சுத்துது. என்னன்னு சொல்லிட்டு நடங்க."

சொன்னா. நாத்தனார் எழுந்து வாசலுக்கு வந்து பாத்தா. அவ எழுந்ததே பெரிய விஷயம்.

"இதுல என்ன இருக்கு? தண்ணிதானே படம். தண்ணி ஒரே நெறமாவா இருக்கு? டிசைன்னு சொல்லிடுங்க."

"டிசைனா?"

"ஆமா. யோசிச்சுப் பண்ணின மாதிரி மூஞ்சியை வைச்சுக்கிட்டு சொல்லணும். பெரிய கடையில எல்லாம் அப்படித்தான்."

பம்பரத்துக்கு அது பிடிச்சுப் போச்சு. அரை மணி நேரம் நல்லா இருந்தா. சரத்தை எல்லாம் இடம் மாத்திக் கட்டி, பச்சை கலந்ததை ஒரு ஓரமா அலை மாதிரி அடுக்கினா. பாக்கறதுக்கு மோசமில்லை. போனை எடுத்து மேசைக்காரங்க குழுவுல தட்டச்சு பண்ண ஆரம்பிச்சா: "திரையில ஒரு புது அழகு சேத்திருக்கேன்..."

அதுக்குள்ள டீச்சரோட செய்தி வந்து விழுந்துச்சு. "செவ்வாய் மாட்டும்போது லாரி கோத்த சரம் எதுவும் மிச்சம் இருந்தா தனியா எடுத்துடுங்க. நெறம் மாறினது நடுவுல வந்துடப் போகுது." கீழ நர்ஸ் ஒரு சிரிக்கிற மூஞ்சி போட்டிருந்தா. இன்னொருத்தர் லாரி படம்.

அவ விரல் நின்னுச்சு.

செவ்வாய்க்கிழமை அந்த வாசல்ல திரை தொங்கும். ஜன்னல் வெளிச்சம் நேரா விழும். டிசைனுன்னு இவ சொல்லுவா. மேசைக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துப்பாங்க. வெளியில வந்து என்ன பேசுவாங்கன்னு அவளுக்குத் தெரியும். பாவம், அக்கா அந்த மனுஷன் பண்ணினதை மறைக்கப் பாக்குது. அந்தத் திரை தொங்குற வரைக்கும் அது லாரியோட தப்பா தொங்கும். அவர் அந்த மேசைக்கு இனிமே எப்படி வருவார்?

எழுதினதை அழிச்சா. நூலகத்துக்குப் போன் போட்டா. நாள் தள்ளி வைக்க முடியாதுன்னு சொல்லுவாங்க, அப்ப வேற வழியில்லைன்னு ஆயிடும்னு உள்ளுக்குள்ள ஒரு ஆசை.

"தள்ளித் தாராளமா வைங்கம்மா. வாசல் எங்கயும் ஓடிப் போகாது"ன்னாங்க நூலகத்துல.

அந்தச் சாக்கும் போச்சு.

சனிக்கிழமை காலையில லாரிங்க நிக்கிற மைதானத்துக்கு நடந்தா. பஸ்ஸுல போனா உக்காரணும். போற வழியில என்ன பேசறதுன்னு நாலு விதமா சொல்லிப் பாத்தா. நாலுலயும் கரண்டும் கம்பெனியும் வந்துச்சு, அவ வரலை.

லாரி, தார்ப்பாயை இழுத்துக் கயிறு கட்டிக்கிட்டிருந்தார். இவளைப் பாத்ததும் கயித்தை விடலை.

"வாம்மா. தோட்டுக் கொக்கி டெலிவரியா?"

"அண்ணே, அந்த நீலம் 2 டப்பாவுல..."

"புதுசைக் கொட்டிட்டீங்க."

அவ நின்னுட்டா. அவ நிக்கிறது அபூர்வம்.

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

கயித்தை ஒரு சுத்து சுத்தி இழுத்தார். "அன்னிக்கு பிரிச்சதுல ரெண்டு மணியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு போனேன். மக காலுல பழைய நீலத்துல ஒரு கொலுசு கோத்திருக்கேன்ல, அதோட சேத்துப் பாரு, ரெண்டும் ஒண்ணான்னு வீட்டுல கேட்டேன். வேறன்னு சொன்னா. டப்பா ஒண்ணு, நெறம் ரெண்டு. அப்ப கொட்டினது யாரு? டப்பாவை நெரப்பற ஆளு அந்தக் கடையில ஒருத்திதான்."

"அன்னிக்கு ராத்திரியே ஒரு போன் போட்டிருக்கலாமேண்ணே."

"யாருக்கு? படிச்சா மட்டும் போதுமான்னு கேட்டவங்களுக்கா?"

தார்ப்பாயோட ஒரு முனை காத்துல அடிச்சுச்சு. அதை எட்டிப் பிடிச்சா. கை தானா போச்சு.

"விடும்மா, நான் பாத்துக்கறேன்."

"பிடிச்சுக்கறேண்ணே."

"விடுங்கறேன்ல. இதான் உன்கிட்ட." முதல் தடவையா அவர் குரல் ஏறுச்சு. "ஒரு வேலை முடியறதுக்குள்ள அடுத்த வேலை. அன்னிக்கு ஏணியிலேர்ந்து இறங்கக்கூட இல்லை நீ. ஒரு மனுஷனை பத்து பேர் முன்னால நோகடிக்கிறதுன்னாலும் தரையில வந்து நின்னு செய்யணும். போற போக்குல செய்துட்டுப் போயிட்ட."

அவ தார்ப்பாயை விட்டா.

"நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்றேண்ணே."

"சொல்லு. ஆனா நின்னுக்கிட்டு சொல்லாத. நீ நின்னுக்கிட்டு சொன்னா அது பாதி காதுலதான் விழும். மீதி சொல்றதுக்குள்ள கொக்கி எடுக்கப் போயிருவ. உக்காந்து சொல்லு."

"நீங்க வருவீங்களா?"

"லோடு இருக்கு"ன்னார்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி. ஒவ்வொருத்தரா வந்தாங்க. வந்தவங்க வாசல்லயே நின்னாங்க. பம்பரம் மேசையில உக்காந்திருந்தா. லாரியோட நாற்காலியை விட்டுட்டு அதுக்குப் பக்கத்து நாற்காலி.

"அக்கா, உடம்பு சரியில்லையா?" நர்ஸ் கையைப் பிடிச்சு நாடி பாத்தா. நெஜமாவே பாத்தா.

"எல்லாரும் உக்காருங்க."

"பதினாலு வருஷத்துல முதல் தடவை"ன்னா நாத்தனார் வாசப்படியிலேர்ந்து. "யாராவது போட்டோ எடுங்க."

யாரும் சிரிக்கலை. அவ மூஞ்சி அப்படி இருந்துச்சு. கை ரெண்டையும் மேசை மேல வைச்சுக்கிட்டா. வைச்சாத்தான் நிக்கும்.

"நீலம் 2 டப்பாவுல புதுப் பாக்கெட்டைக் கொட்டினது நான். போன் பேசிக்கிட்டே கொட்டினேன். திரையில நாப்பத்தியொரு சரம் நெறம் மாறியிருக்கு. புதுச் சரக்குல லாரி அண்ணன் கோத்தது நாலு சரம்தான், அதையும் அவரே பிரிச்சுட்டார். இந்த நாப்பத்தியொண்ணுல அவர் கை பட்டது ஒண்ணுகூட இல்லை. அவர் கண்ணு மேல பழி போட்டது நான். டப்பாவைத் திறந்துகூடப் பாக்காம போட்டேன்."

டீச்சர் பூதக்கண்ணாடியைத் தொடைச்சாங்க. அது சுத்தமாத்தான் இருந்துச்சு.

"நான் நெறம் வேறன்னு மட்டும்தான் சொன்னேன்"னாங்க. "ஆளைச் சொல்லலை."

"ஆமா டீச்சர். ஆளைச் சொன்னது நான்தான்."

"வெள்ளிக்கிழமை எழுதினீங்களே டீச்சர், அதுல ஆளைத்தானே சொன்னீங்க"ன்னா நர்ஸ். அப்புறம் அவளே தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "நான் சிரிச்சு வேற வைச்சேன்."

பம்பரம் கம்புலேர்ந்து முதல் சரத்தை அவுத்து முன்னால போட்டா. கத்திரியை எடுத்து முடிச்சை வெட்டினா. ஒரு சரத்துல இருநூத்தி நாப்பது மணி. நடு நீலம் மட்டும் எண்பது. மேல இருக்கறதை உருவி வைச்சு, நடுவை எடுத்துட்டு, வேற நீலம் போட்டு, அடியை மறுபடி கோக்கணும். நாப்பத்தியொரு தடவை.

ரெண்டு மூணு கை கம்பு பக்கம் நீண்டுச்சு.

"யாரும் தொடாதீங்க." செவுத்தை மோவாயால காட்டினா. "ரெண்டாவது சட்டம்."

"அக்கா, அதைப் போய் இப்ப பிடிச்சுக்கிட்டு..."

"அண்ணன் பிரிச்சப்ப பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தோம்?"

கை எல்லாம் பின்னால போச்சு. சும்மா உக்காந்து பாத்தாங்க. அவங்கவங்க சொந்த வேலையை எடுக்கவும் மனசு வரலை. முதல் சரம் பிரிக்க இருபது நிமிஷம் ஆச்சு. ரெண்டாவது பிரிக்கும்போது அவ தோள் துடிக்க ஆரம்பிச்சுச்சு. மூணாவதுல பின்னால ஒரு டப்பா கோணலா இருக்கறதைப் பாத்துட்டா. பாதி எழுந்தா. உக்காந்தா. அதை நாத்தனார் போய் நேரா வைச்சுட்டு வந்தா. அன்னிக்கு ரெண்டாவது தடவையா அவ எழுந்தது.

நாலு மணிக்கு வாசல்ல வெளிச்சம் மறைஞ்சுச்சு. லாரி. குனிஞ்சுதான் உள்ள வருவார். யாரையும் பாக்கலை. தன் நாற்காலியை இழுத்தார், உக்காந்தார். பம்பரம் முன்னால தட்டுல ஏழு சரம் பிரிஞ்சு கிடந்துச்சு. மேல் நீலம் ஒரு குவியல், அடி நீலம் ஒரு குவியல். கெட்ட நீலம் தனியா ஒரு கிண்ணத்துல.

ஒரு ஊசியை எடுத்து நூல் கோத்தார். முதல் தடவையிலேயே கோத்துட்டார். அந்த விரலுக்கு அது எப்படின்னு மேசையில யாருக்கும் இன்னிக்கு வரைக்கும் புரியலை.

"அண்ணே, வேண்டாம். சட்டம் இருக்கு."

செவுத்துல இருக்கற அட்டையை நிதானமா படிச்சார். எழுத்துக் கூட்டி, சத்தமா.

"தப்பா கோத்தவங்களே பிரிக்கணும். மத்தவங்க பிரிச்சுக் குடுக்கக் கூடாது." நிறுத்தினார். "பிரிக்கறதைத்தான் எழுதியிருக்க. மறுபடி கோக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

அவ கத்திரியைக் கீழ வைச்சா.

"உள்ள என்ன இருக்குன்னும் பாக்கணும்னு சொன்னியே. பாத்துட்டேன். இல்லை."

நர்ஸ்தான் முதல்ல சிரிச்சா. அப்புறம் டீச்சர், தும்மல் மாதிரி. லாரி சிரிக்கலை. கையை நீட்டினார்.

"பழைய நீலம் எங்க? பாதியா கிடந்தாலும் பரவாயில்ல. புதுசு கொட்டாத டப்பாவா குடு."

கடைசிப் பழைய சரக்கு, நாத்தனார் வீட்டுல கொலுசுக்குன்னு எடுத்து வைச்சிருந்த ஒரு பாக்கெட்டு. காலையிலேயே கொண்டு வந்திருந்தா. போதுமான்னு டீச்சர் மணியை எண்ணிக் கணக்குப் போட்டாங்க. இருபத்தாறு சரத்துக்கு வரும். மீதி பதினஞ்சுக்கு வராது.

"அது வர்றப்ப பாத்துக்கலாம்"னார் லாரி. "புதுசையும் பழசையும் தனித்தனி டப்பாவுல வைங்க. சீட்டு நானே எழுதறேன்."

அவரே எழுதினார். நீலம் 2 பழசு. நீலம் 2 புதுசு. எழுத்து பம்பரத்தோடதைவிட நேரா இருந்துச்சு. அதைப் பாத்து டீச்சர் என்னமோ சொல்ல வந்து, பூதக்கண்ணாடியைக் கழட்டி அவர் பக்கம் தள்ளினாங்க. "முடிச்சுப் போடறப்ப வைச்சுக்கோங்க." அதுக்கு மேல அவங்களுக்கு வராது. அவர் எடுத்துக்கிட்டார்.

எட்டாவது. ஒன்பதாவது. அவ பிரிச்சுப் போட்டா, மேசை கோத்துச்சு. பத்தாவது சரத்துல அவ கால் ஆட ஆரம்பிச்சுச்சு. முதல்ல குதிகால், அப்புறம் முட்டி. இரும்பு மேசை கிடுகிடுங்குது. கம்பளித் துணி மேலயும் மணி நகருது. லாரியோட ஊசி ரெண்டு தடவை தப்பிப் போச்சு.

"அக்கா, கால்."

"நிறுத்தறேன்."

நிறுத்தினா. எண்ணி பத்து மணி பிரிக்கிற நேரம் நின்னுச்சு. மறுபடி கிடுகிடு.

டீச்சர் தலையைத் தூக்கலை. மணியை எண்ணிக்கிட்டே, மேசைக்கு அடியில தன் காலை நீட்டி அவ கால் மேல வைச்சு அழுத்தினாங்க. நல்லா அழுத்தினாங்க.

அவ பதினொண்ணாவது சரத்தோட முடிச்சை வெட்டினா.